தாஷியும் மிசோவும்: ஜப்பானின் ஊர்களில் என்ன வாங்குவது, வீட்டில் எப்படிச் சமைப்பது

ஜப்பானில் எந்த ரயில் நிலையத்தில் இறங்கினாலும் அந்த ஊரின் பெயர் அச்சிட்ட பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கும். ஊருக்குப் போய் வருகிறவர் அலுவலகத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் வாங்கி வரும் இந்தப் பொருளுக்கு ஒமியாகே என்று பெயர். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வசதியாக ஒவ்வொரு துண்டும் தனி உறையில் இருக்கும். கியோட்டோவின் யாட்சுஹாஷி, ஹிரோஷிமாவின் மோமிஜி மஞ்ஜூ, ஹமாமட்சுவின் உனாகி பை எல்லாமே நன்றாக இருப்பவைதான். ஆனால் பிரித்த மூன்றாம் நாள் பெட்டி காலியாகிவிடும்.

அதே ஊரில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, உள்ளூர்க்காரர்கள் காய்கறி வாங்கும் சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் இனிப்புப் பெட்டியின் விலைக்கே பல நாள் சமையலுக்கான பொருள் கிடைக்கும். தாஷி என்கிற அடிப்படைச் சாறு எடுக்கக் கடற்பாசி, மீன் சீவல் அல்லது நெத்திலி, அதில் கரைக்க அந்த ஊர் மிசோ, அதாவது புளிக்கவைத்த சோயா விழுது. ஜப்பானிய வீட்டுச் சமையலின் ருசி இந்த இரண்டில்தான் நிற்கிறது. ஊருக்கு ஊர் சமையல் மாறுவதும் பெரும்பாலும் இவற்றால்தான். எதை எங்கே வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது, வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

கொம்புப் பாசி

ஜப்பானியர் கொம்பு என்று சொல்வது தடித்த, அகலமான, காய்ந்தால் கரும்பச்சையாகும் ஒரு கடற்பாசி. (மாட்டுக் கொம்பு நினைவுக்கு வராமலிருக்க இங்கே கொம்புப் பாசி என்றே சொல்கிறேன்.) இது விளைவது பெரும்பாலும் வடக்கே ஹொக்கைடோவின் குளிர்ந்த கடலில். ஆனால் அதைக் கொண்டாடும் சமையல் தெற்கே ஒசாகாவிலும் கியோட்டோவிலும் வளர்ந்தது. எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) கிடாமாயேபுனே என்ற வணிகக் கப்பல்கள் ஜப்பான் கடலோரமாகத் துறைமுகம் துறைமுகமாக நின்று பாசியைத் தெற்கே கொண்டுபோனதே காரணம். வழியில் இருந்த தொயாமாவும் இன்றுவரை பாசி இல்லாமல் சமைப்பதில்லை. பாசி விளையாத ஒகினாவாவிலும் அது அன்றாட உணவானது இந்தக் கடல் வணிகத்தின் தொடர்ச்சிதான்.

வாங்கும்போது உறையில் நான்கு பெயர்களைத் தேடுங்கள். ரிஷிரி கொம்பு வடகோடித் தீவான ரிஷிரியிலும் அதைச் சுற்றியும் எடுப்பது. சாறு தெளிவாக, மெல்லிய உப்புச் சுவையுடன் இருக்கும். கியோட்டோக்காரர்களுக்கு இதுதான். மா கொம்பு தெற்கு ஹொக்கைடோவின் ஹக்கொடாதே பக்கத்தது, மென்மையான இனிப்பு உண்டு, ஒசாகாவின் விருப்பம். ரவுசு கொம்பு ஷிரெடோகோ தீபகற்பத்தது. சாறு மஞ்சளாகச் சற்றுக் கலங்கி, கனமான சுவையோடு இறங்கும். ஹிடாகா கொம்பு சீக்கிரம் வேகும். அதைச் சுருட்டி வேகவைத்துத் தின்னலாம். சாறு மட்டும் வேண்டுமென்றால் மற்ற மூன்றுக்கு அடுத்துத்தான் வைப்பேன். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் ரிஷிரி அல்லது மா கொம்பு போதும்.

நல்ல துண்டு தடிப்பாக, முழுக்கக் காய்ந்து, வளைத்தால் விறைப்பாக இருக்கும். மேலே படிந்திருக்கும் வெள்ளைத் தூள் பூஞ்சை அல்ல; பாசியிலிருந்தே வெளிவந்த மானிட்டால் என்ற இனிப்புப் பொருள். பலரும் அழுக்கு என்று நினைத்துக் குழாயடியில் தேய்த்துக் கழுவிவிடுகிறார்கள். பாதி ருசி அங்கேயே போய்விடும். ஈரத்துணியால் லேசாக ஒற்றி மணலைத் துடைத்தால் போதும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இரண்டு ஆண்டுகூடத் தாங்கும். கடலோர ஊர்களில் ஈரம் ஏறும் என்பதால் மருந்துப் புட்டியில் வரும் உலர்த்திப் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு வையுங்கள்.

மீன் சீவல்

கட்சுவோபுஷி என்பது சூரை மீனை வெட்டி, அவித்து, முள் நீக்கி, விறகுப் புகையில் பல நாள் மீண்டும் மீண்டும் வாட்டி உலர்த்திய கட்டை. நம் கடைகளில் கிடைக்கும் மாசியும் இதே சூரையை அவித்து, புகையூட்டி, காயவைத்ததுதான்; இரண்டும் உறவுதான். ஜப்பானியர் அதற்கு மேலும் ஒரு படி போனார்கள். புகையூட்டிய கட்டையில் ஒரு நல்ல பூஞ்சையை வளரவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி வளரவிட்டு, மறுபடி காயவைப்பார்கள். பூஞ்சை உள்ளிருக்கும் ஈரத்தை இழுத்துக் கொழுப்பையும் குறைத்துவிடும். இப்படி ஆறு மாதம் வரை பக்குவப்பட்ட கட்டைக்கு ஹோன் கரெபுஷி என்று பெயர். தட்டினால் மரக்கட்டை போலச் சத்தம் வரும். பூஞ்சை ஏற்றாமல் புகையோடு நிறுத்தியது அராபுஷி.

ககோஷிமா மாகாணத்தின் மகுராசாகியும் யமகாவாவும், ஷிசுவோகா மாகாணத்தின் யாயிசுவும் இதற்குப் பேர்போன துறைமுகங்கள். இந்தப் பக்கம் போனால் இதை வாங்காமல் வராதீர்கள். ஆனால் முழுக்கட்டை வாங்காதீர்கள். அதைச் சீவத் தச்சரின் இழைப்புளி போன்ற பெட்டி உளி வேண்டும், அதைத் தீட்டத் தெரிய வேண்டும்; இல்லாவிட்டால் சீவல் வராது, தூள்தான் வரும். சீவி உறையிட்டதே போதும். காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடைத்திருப்பார்கள் என்பதால் உறை தலையணை மாதிரி உப்பியிருக்கும். பெட்டியில் அமுக்கி அடைக்க முடியாது. அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

அராபுஷி சீவலில் புகை மணம் தூக்கலாக இருக்கும். மிசோ சூப்புக்கு ஏற்றது. கரெபுஷி சீவலின் சாறு தெளிவாக, நாகரிகமாக இருக்கும்; உப்பு மட்டும் போட்டுக் குடிக்கும் தெளிந்த சூப்புக்கு அதுதான். தடித்த சீவல் என்று தனியாக உண்டு. அதைப் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். சோபா, உடோன் என்ற நூடுல்ஸ் வகைகளின் குழம்புக்கு உகந்தது. மெல்லிய சீவலைப் போல ஒரு நிமிடத்தில் அது இறங்காது. உறை திறந்ததும் சீவல் கெட ஆரம்பிக்கும். காற்றை அமுக்கி வெளியேற்றி, ஃபிரீசரில் வைத்து, ஒரு மாதத்துக்குள் முடியுங்கள். சிறிய உறைகளாக வாங்குவதே நல்லது.

முதல் சாறு எடுக்கும் முறை

ஆறு கிண்ணத்துக்கு: தண்ணீர் 1 லிட்டர், கொம்புப் பாசி 10 கிராம், மெல்லிய மீன் சீவல் 25 கிராம். சமையலறைத் தராசு இருக்கட்டும். சீவல் 25 கிராம் என்பது இரண்டு கையும் நிறைய அள்ளினாலும் தீராத குவியல். கண்ணால் அளப்பவர்கள் எப்போதும் பாதிதான் போடுவார்கள், பிறகு ருசி இல்லை என்பார்கள்.

தண்ணீரைப் பற்றி முதலில். ஜப்பானின் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. கடினத் தண்ணீரில் உள்ள கால்சியம் பாசியின் பசைப்பொருளோடு சேர்ந்துகொள்ளும். சாறு சரியாக இறங்காது, நுரையும் படலமும் கட்டும். போர் தண்ணீரில் தாஷி எடுத்துவிட்டு ஜப்பான் பாசியைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஆர்.ஓ. தண்ணீர் அல்லது நல்ல மழைநீர் வைத்துச் செய்யுங்கள்.

1. பாசியைத் தண்ணீரில் போட்டுக் குறைந்தது 30 நிமிடம் ஊறவிடுங்கள். நேரமிருந்தால் ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வையுங்கள். வெப்பமான ஊரில் இரவில் வெளியே வைத்தால் புளித்துப்போகும்.

2. மிகச் சிறு தீயில் ஏற்றுங்கள். பாத்திரத்தின் அடியில் கடுகளவு குமிழிகள் ஒட்டிக்கொண்டு மேலெழத் தொடங்க 10 நிமிடமாவது ஆக வேண்டும். வேகமாகச் சூடேறினால் பாசி விரியும் முன்பே தண்ணீர் கொதித்துவிடும். வெப்பமானி இருந்தால் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பது இன்னும் நல்லது.

3. கொதிக்கும் முன் பாசியை எடுத்துவிடுங்கள். நகத்தால் அழுத்தினால் பதிய வேண்டும். பதியாவிட்டால் இன்னும் இரண்டு நிமிடம். பாசியோடு கொதித்த சாறு வழுவழுப்பாகி, கடலோரப் பாறை வாடை அடிக்கும்.

4. பாசி எடுத்த சாற்றை ஒருமுறை கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். அரை நிமிடம் பொறுத்து, கொதி அடங்கியதும் சீவல் முழுவதையும் ஒரே தடவையில் போடுங்கள். கரண்டியால் கலக்காதீர்கள்.

5. சீவல் நனைந்து தானாகக் கீழே இறங்க ஒன்று அல்லது இரண்டு நிமிடம் ஆகும். உடனே வடிகட்டியில் மெல்லிய துணி விரித்து ஊற்றுங்கள். சொட்டுவது நிற்கும்வரை பொறுங்கள். பிழியாதீர்கள். பிழிந்தால் கலங்கலும் புளிப்பும் மீன்வாடையும் சேர்ந்தே இறங்கும்.

சாறு வெளிறிய பொன்னிறத்தில் இருக்க வேண்டும். அப்படியே வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லையே என்று மேலும் சீவல் போடப் போகாதீர்கள். சிறு கோப்பையில் கொஞ்சம் எடுத்து ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள். உப்புப் பட்டதும் ருசி எழுந்து நிற்கும். தாஷி சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நம்பகமான சோதனை இல்லை.

பாசி, சீவல் இரண்டையும் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. 1908இல் டோக்கியோவில் வேதியியலாளர் கிகுனாயே இக்கெடா கொம்புச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913இல் மீன் சீவலில் இருப்பது இனோசினேட் என்று ஷிந்தாரோ கொடாமா கண்டார். இந்த இரண்டும் நாக்கில் ஒன்றாகச் சேரும்போது உமாமி கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். பாசியை மிச்சப்படுத்திச் சீவலை இரட்டிப்பாக்கினால் அந்த ஏற்றம் கிடைக்காது.

வடிகட்டிய பாசியும் சீவலும் இன்னும் தீரவில்லை. 500 மி.லி. தண்ணீரில் இரண்டையும் போட்டு, சிறு தீயில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, இறுதியில் 5 கிராம் புதுச் சீவல் சேர்த்து வடிகட்டினால் இரண்டாம் சாறு. காய் வேகவைக்கவும் மிசோ சூப்புக்கும் இது தாராளம். முதல் சாற்றைத் தெளிந்த சூப்புக்கும் கீரைக்கும் வைத்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜில் இரண்டு நாள், ஐஸ் தட்டில் உறையவைத்தால் மூன்று வாரம்.

நெத்திலி, கோலா, காளான்

ஷிகோகு தீவின் ககாவா மாகாணம் உடோனுக்குப் பெயர் போனது. அந்தக் குழம்பின் அடிப்படை நெத்திலி. அங்கே இரிகோ என்பார்கள், கிழக்கே நிபோஷி. ககாவாவின் இபுகி தீவு இரிகோ சிறப்பானது. பிடித்த உடனே உப்புநீரில் அவித்துக் காயவைத்தது என்பதால் நம் நெத்திலிக் கருவாட்டைப் பதிலுக்குப் போட முடியாது. அது அவிக்காமல் உப்பேற்றியது, சாறு உப்பாகிக் கருவாட்டுக் குழம்பு மணம் வந்துவிடும். வயிறு கிழியாமல், வெள்ளிபோல் மின்னும் மீனைப் பார்த்து வாங்குங்கள். மஞ்சள் ஏறியிருந்தால் கொழுப்புக் கெட்டிருக்கிறது. 1 லிட்டருக்கு 20 கிராம். தலையையும் வயிற்றிலிருக்கும் கருப்பு உருண்டையையும் கிள்ளி எறியுங்கள், கசப்பு அங்கேதான். இரவு முழுக்க ஊறவைத்து, கொதி வந்ததும் நுரை எடுத்து, 7 நிமிடம் சிறுதீயில் வைத்து வடிகட்டுங்கள்.

நாகசாகி பக்கம் போனால் ஆகோ கிடைக்கும். பறக்கும் மீனை, நம் கடற்கரையில் கோலா என்பதை, சுட்டு உலர்த்தியது. நெத்திலியைவிட வாடை குறைவு, இனிப்பு அதிகம். செய்முறை அதேதான். வயிறு நீக்கிச் சுட்டிருந்தால் எதையும் கிள்ள வேண்டாம்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு உலர்ந்த ஷிடாகே காளான். கியூஷுவின் ஒயிட்டா மாகாணத்தில் வாங்குங்கள். தடித்து, குடை விரியாதது தொங்கோ. மெலிந்து விரிந்தது கோஷின். சாறுக்குக் கோஷின் போதும், விலையும் குறைவு. புத்த மடங்களின் சைவச் சமையலில் பாசியும் காளானும்தான் தாஷி. 1 லிட்டருக்குப் பாசி 10 கிராம், காளான் 15 கிராம். இரண்டையும் குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் இரவு முழுக்க. வெந்நீரில் அவசரமாக ஊறவைத்த காளானில் மணம் இருக்கும், ருசி இருக்காது. காலையில் சிறுதீயில் ஏற்றி, கொதிக்கும் முன் பாசியை எடுத்து, காளானை மட்டும் 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

சைவர்கள் கவனிக்க இன்னொன்று: காய்கறிப் படம் போட்ட சிப்ஸ், அரிசி அப்பளம், ஊறுகாய், உடனடி மிசோ சூப் எல்லாவற்றிலும் மீன் சாறு இருக்கலாம். ஜப்பானியர் கணக்கில் தாஷி உப்பு மாதிரி. அதை அசைவம் என்று தனியாகச் சொல்வதில்லை. மிசோ டப்பாவிலும் "தாஷி இரி" என்று எழுதியிருந்தால் மீன் சாறு கலந்தது.

மிசோ

சோயாவை அவித்து மசித்து, உப்பும் கோஜியும் சேர்த்துப் புளிக்கவைப்பது மிசோ. கோஜி என்பது அரிசியிலோ பார்லியிலோ சோயாவிலோ வளர்த்த பூஞ்சை. எதில் வளர்த்தார்கள் என்பதை வைத்து அரிசி மிசோ, பார்லி மிசோ, பயறு மிசோ என்று மூன்றாகப் பிரியும். எவ்வளவு கோஜி, எவ்வளவு உப்பு, எத்தனை மாதம் என்பதில் ஊர்கள் பிரியும்.

நகானோவின் ஷின்ஷூ மிசோ இளமஞ்சள், உப்புத் தூக்கல், எதோடும் ஒத்துப்போகும். முதன்முதலாக வாங்குகிறவர்கள் இதை வாங்கலாம். செண்டாய் மிசோ சிவந்தது, நீண்ட நாள் புளித்தது. கியூஷுவின் பார்லி மிசோ இனிப்பாக, தானிய மணத்தோடு இருக்கும்; இரிகோ, ஆகோ சாற்றுக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை. கியோட்டோவின் சாய்க்யோ வெள்ளை மிசோவில் கோஜி மிகுதி, உப்பு சுமார் 5 சதவீதம்தான். இனிப்புப் பண்டம் போலவே இருக்கும், சீக்கிரம் கெடும்.

ஐச்சி மாகாணத்தின் ஒகசாகி கோட்டையிலிருந்து எட்டு சோ தூரத்தில், அதாவது சுமார் 870 மீட்டரில் இருந்த ஊரின் பெயரால் வந்தது ஹாச்சோ மிசோ. சோயாவும் உப்பும் மட்டும். ஆளுயர மரத்தொட்டியில் நிரப்பி, மேலே ஆற்றுக்கற்களைக் கூம்பாக அடுக்கி, இரண்டு கோடையும் இரண்டு குளிர்காலமும் காத்திருந்து எடுப்பது. கருப்பு, கெட்டி, லேசான துவர்ப்பு. மெல்லிய தாஷியை இது விழுங்கிவிடும். தடித்த சீவலில் எடுத்த கனமான சாறு வேண்டும். இதன் வலிமை பிடிக்காதவர்கள் ஷின்ஷூவோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். வெவ்வேறு ஊர் மிசோக்களைக் கலப்பது ஜப்பானிய வீடுகளில் வழக்கம்தான். தூரத்து ஊர்களுடையவை சேரும்போது ருசி ஆழமாகும்.

உறையில் பொருள் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். சாய்கோட்டுக்குப் பின்னால் வருபவை சேர்க்கைப் பொருள்கள். சோயா, அரிசி, உப்பு மூன்றோடு முடிந்தால் நல்லது. ஆல்கஹால் என்று இருந்தால் புளிப்பை நிறுத்தச் சேர்த்தது. கெடுதல் இல்லை, பயணத்துக்கு வசதியும்கூட. ஆல்கஹால் சேர்க்காத உயிருள்ள மிசோ காற்று விட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் உறையில் சிறு துளை வால்வு வைத்திருப்பார்கள். அதில் டேப் ஒட்டி அடைத்தால் உறை உப்பிப் பெட்டிக்குள் வெடிக்கும்.

இரண்டு பேருக்கு மிசோ சூப்: தாஷி 400 மி.லி., டோஃபு 150 கிராம், உலர்ந்த வகாமே பாசி 2 கிராம், வெங்காயத்தாள் ஒன்று. மிசோவை எவ்வளவு போடுவது என்பதற்கு ஒரு கணக்கு. சூப்பில் உப்பு 0.8 சதவீதம் இருக்க வேண்டும், 400 மி.லி.க்கு 3.2 கிராம். மிசோ உறையின் சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் உப்பு என்று போட்டிருக்கும். 12 என்றால் 27 கிராம் மிசோ, மேசைக்கரண்டியில் ஒன்றரை. வெள்ளை மிசோவில் 5 என்றால் 64 கிராம், மூன்றரைக் கரண்டி. "ஒரு கிண்ணத்துக்கு ஒரு கரண்டி" என்ற பொது அளவை எல்லா மிசோவுக்கும் வைத்துத்தான் வெள்ளை மிசோ சூப் சப்பென்று ஆகிறது.

முள்ளங்கி, உருளை போன்றவற்றைக் குளிர்ந்த தாஷியிலேயே போட்டு வேகவிடுங்கள். டோஃபுவைக் கடைசியில், வகாமேயைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து அதற்கும் கடைசியில். காய் வெந்ததும் அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகு மிசோவைக் கரண்டியில் எடுத்துச் சிறிது சாறு விட்டுக் கரைத்துச் சேருங்கள். சிறு வடிகட்டியில் வைத்துத் தேய்ப்பது சுலபம். பிறகு மறுபடி மெல்லச் சூடேற்றி, விளிம்பில் முதல் அசைவு தெரிந்ததுமே இறக்குங்கள். அந்தக் கணத்தில்தான் மணம் உச்சத்தில் இருக்கும். தளதளவென்று கொதித்தால் மணம் பறந்துவிடும். மிச்சமிருப்பது உப்பும் கரகரப்பும்தான். ஆகவே சாப்பிட எல்லாரும் உட்கார்ந்த பிறகு மிசோவைக் கரையுங்கள். ஹாச்சோ மட்டும் விதிவிலக்கு: நகோயாவில் அதில் உடோனைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கவே வேகவைப்பார்கள், அது தாங்கும்.

மிசோவைத் திறந்ததும் மேல்பரப்பில் பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல் மூடி ஃபிரீசரில் வையுங்கள். உப்பு இருப்பதால் கல்லாக உறையாது, கரண்டி இறங்கும். நிறம் கறுப்பதும் நின்றுவிடும்.

வெள்ளை மிசோவில் வஞ்சிரம்

சாய்க்யோ மிசோ வாங்கி வந்து சூப்பில் மட்டும் செலவழிப்பது வீண். கியோட்டோவில் சாவாரா மீனை இதில் ஊறவைத்துச் சுடுவார்கள். சாவாரா நம் வஞ்சிரத்தின் நெருங்கிய இனம், அதனால் வஞ்சிரம் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். மீன் நான்கு துண்டு, ஒன்றரை செ.மீ. தடிப்பு. லேசாக உப்புத் தூவி 20 நிமிடம் வைத்து, வெளிவரும் நீரைத் துடைத்துவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டினால் மிசோ நீர்த்து மீன்வாடை பிடிக்கும். மிசோ 200 கிராம், மிரின் என்ற இனிப்பான சமையல் அரிசி மது 2 மேசைக்கரண்டி கலந்து, பாதியைப் பரப்பி, மெல்லிய துணி விரித்து, மீனை வைத்து, மறு துணி, மீதி மிசோ. ஃபிரிட்ஜில் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு. மூன்றாம் நாளில் மீன் இறுகி உப்பேறும். சுடும்முன் ஒட்டியிருக்கும் மிசோவைச் சுத்தமாகத் துடைத்து, தவாவில் எண்ணெய்த்தாள் விரித்துச் சிறு தீயில் சுடுங்கள். சர்க்கரை மிகுந்த மிசோ என்பதால் கண்ணிமைக்கும் நேரத்தில் கருகும்.

ஒரு விகிதம்

தாஷி 8, சோயா சாஸ் 1, மிரின் 1. இதை ஒருமுறை கொதிக்கவிட்டால் எட்டுத் திசைக்கும் போகும் சாறு என்ற பொருளில் ஹாப்போ தாஷி. பசலைக்கீரையை ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டு, குளிர்நீரில் அலசி, பிழிந்து, ஆறிய இந்தச் சாற்றில் அரை மணி நேரம் ஊறவிட்டால் ஒஹிதாஷி. பூசணி, முள்ளங்கி வேகவைக்கவும் இதுவே.

சோயா சாஸ் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். ஹ்யோகோ மாகாணத் தட்சுனோவின் உசுகுச்சி நிறத்தில்தான் மெலிந்தது. உப்பு சாதாரண கொய்குச்சியைவிட அதிகம், 18 சதவீதத்துக்கும் மேல். காயின் நிறம் மாறாமலிருக்கக் கியோட்டோவில் இதை ஊற்றுவார்கள். உப்புக் குறைவு என்று நினைத்துத் தாராளமாக ஊற்றினால் காய் கெட்டது. கியூஷு சோயா சாஸ் இனிப்பானது. அதை ஊற்றினால் மிரினைப் பாதியாக்குங்கள். உண்மையான மிரினில் ஆல்கஹால் சுமார் 14 சதவீதம். வேண்டாம் என்பவர்கள் மிரின் பாணித் தாளிதம் என்று விற்கும் 1 சதவீதத்துக்கும் குறைவானதை வாங்கலாம். முற்றிலும் தவிர்ப்பவர்கள் மிரினுக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரையும் மீதி தண்ணீரும் சேர்த்தால் இனிப்பு ஈடாகும், பளபளப்பு வராது.

சக்கையை எறியாதீர்கள்

வடித்த பாசியை ஃபிரீசரில் சேர்த்து வையுங்கள். 100 கிராம் சேர்ந்ததும் ஒரு செ.மீ. சதுரமாக நறுக்கி, தண்ணீர் 200 மி.லி., வினிகர் ஒரு தேக்கரண்டி, சோயா சாஸ் 2, மிரின் 2, சர்க்கரை 1 மேசைக்கரண்டி சேர்த்து, சிறு தீயில் 40 நிமிடம், நீர் வற்றும்வரை. வினிகர் பாசியை மென்மையாக்கும். அதை விட்டால் ரப்பர் போல் இழுக்கும். கடைசி ஐந்து நிமிடம் அடுப்பை விட்டு நகராதீர்கள். இது ட்சுகுதானி, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு வாரம் வரும்.

சீவல் சக்கையை வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்து, கையால் நொறுக்கி, சோயா சாஸ் 1, மிரின் 1 மேசைக்கரண்டி விட்டுப் பொலபொலவென்று ஆகும்வரை கிளறி, வறுத்த எள் தூவினால் ஃபுரிகாகே. தயிர்சாதத்துக்கும் நன்றாகவே ஒட்டும்.

பெட்டி கட்டும் முன்

உலர்ந்த பொருளைப் பயணத்தின் தொடக்கத்தில் வாங்கலாம். குளிர்ச்சி கேட்பவற்றைக் கடைசி நாளில். ஊர் ஊராகப் போக நேரமில்லாதவர்கள் டோக்கியோவின் கின்ஸா, யூராகுச்சோ, நிஹோன்பாஷி பகுதிகளில் மாகாணங்கள் நடத்தும் கடைகளைத் தேடுங்கள். கார் வைத்திருந்தால் நெடுஞ்சாலையோர மிச்சி நோ எகி கடைகளில் அந்தந்த ஊர்க்காரர்கள் செய்த மிசோவே கிடைக்கும்.

உறையில் இரண்டு விதத் தேதி உண்டு. ஷோமி கிகென் என்றால் அதுவரை ருசி குறையாது. தாண்டினாலும் உடனே கெடாது. ஷோஹி கிகென் என்றால் அதற்குள் தின்றே ஆக வேண்டும். கடைக்காரரிடம் இந்த இரண்டு சொல்லைக் கேட்டாலே போதும், விரலால் காட்டிவிடுவார்.

மிசோவும் பசை வகைதான். கைப்பையில் கொண்டுபோனால் விமான நிலையச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். சோயா சாஸ், மிரின், மிளகாயும் யூசு என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் தோலும் அரைத்த யூசு கோஷோ எல்லாமே பெரிய பெட்டிக்குள் போக வேண்டும். டப்பாவில் வரும் மிசோவை இரண்டு ஜிப் பைக்குள் நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் துணி அடையுங்கள்.

ஏழு பொருள் கலந்த ஷிச்சிமி மிளகாய்ப்பொடி அழகான டப்பாவில் வரும். டோக்கியோ பாணிக் கலவையில் கசகசா உண்டு. கசகசாவைத் தடை செய்த சிங்கப்பூருக்கோ அமீரகத்துக்கோ அதைக் கொண்டுபோகாதீர்கள். ஜப்பானியக் கறிக் குழம்பு வைக்க விற்கும் மசாலாக் கட்டிகளில் மாட்டுக்கொழுப்பு இருக்கலாம் என்பதையும் பாருங்கள்.

உமே என்ற புளிப்புப் பழத்தை உப்பில் ஊறவைத்த உமேபோஷி வாங்குவதென்றால் வகயாமா மாகாணத்தின் மினாபே ஊர்ப் பழம். தேன் சேர்த்தது இனிப்பாக இருக்கும், உப்பு 8 சதவீதம் அளவில்; ஃபிரிட்ஜ் வேண்டும். பழமும் உப்பும் சிசோ இலையும் மட்டும் போட்டு, உப்பு 18 சதவீதத்துக்குக் குறையாமல் செய்தது வெளியிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஊறுகாயோடு வளர்ந்த நாக்குக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.